பெற்றோர் தேவை: கையெழுத்துக்கு மட்டும்

பள்ளிக்கூடம் பெற்றோரைக் கூப்பிட இதுநாள்வரை நான்கு காரணங்கள் இருந்தன. ஃபீஸ் கட்டவில்லை. மார்க் குறைந்துவிட்டது. பையன் எவனையோ அடித்துவிட்டான். ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசும்போது நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது. இப்போது ஐந்தாவதாக ஒன்று முளைத்திருக்கிறது. மாணவர் மனநலம்.

அழைப்பு வாட்ஸ்அப்பில் வரும். இரவு பத்தரைக்கு வரும். "அன்பார்ந்த பெற்றோர்களே! மன அழுத்தம் இல்லாத மாணவர்களை உருவாக்க, வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பெற்றோருக்கான சிறப்புக் கருத்தரங்கம். தாய், தந்தை இருவரும் வருவது கட்டாயம். வராதோரின் பிள்ளைகள் திங்களன்று வகுப்பில் அனுமதிக்கப்பட மாட்டார்கள்." பிள்ளையின் பயத்தைப் போக்கக் கூப்பிடுகிறார்கள். பிள்ளையைப் பணயம் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கீழே கைகூப்பிய பொம்மை மூன்று.

எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் இருப்பதுதான். சந்தேகமாக இருந்தால் உங்கள் கைப்பேசியையே திறந்து பாருங்கள்.

போனால் என்ன நடக்கும்? குத்துவிளக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து. பொன்னாடை. தாளாளர் மைக் பிடிப்பார். மனநலத்தைப் பற்றித்தான் பேச வந்தார். ஆனால் சென்ற ஆண்டு எத்தனை சென்டம், எத்தனை பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள் என்று சொல்லி முடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வருவார். கழுத்தில் டை. காதோரம் மைக். "உங்கள் குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடாதீர்கள்!" என்று முழங்குவார். கைதட்டல். அவர் முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஃபிளெக்ஸ் தொங்கும். 598 எடுத்த பிள்ளையின் படம் பெரிதாக. 595 நடுத்தரமாக. 590 ரேஷன் கார்டு அளவில். 410 எடுத்த பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கவே இல்லை.

கடைசி வரிசையில் ஒரு அம்மா கை தூக்குவார். "சார், சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட்டுன்னு சொல்றீங்க. புள்ளையோட உக்காந்து பேசுங்கன்னும் சொல்றீங்க. எப்ப சார் பேசுறது?" அரங்கில் சிரிப்பு. பேச்சாளர் தாளாளரைப் பார்ப்பார். தாளாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். "நல்ல கேள்வி. தனியா வந்து பாருங்கம்மா." நாட்டுப்பண்.

வெளியே வரும்போது கருத்துப் படிவம் ஒன்றை நீட்டுவார்கள். கூட்டம் எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, பரவாயில்லை. பந்தியில் இலையே போடாமல் ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற விசாரிப்பு. அதிலும் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு எழுதச் சொல்வார்கள். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் எதில் டிக் அடிப்பார்கள்? மிக நன்று.

பள்ளியில் மனநலம் இன்று இப்படித்தான் நடக்கிறது. பெற்றோர் பங்கேற்பும் இதுதான். கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும். சொன்னதைக் கேட்க வேண்டும். நீட்டிய இடத்தில் கையெழுத்து போட வேண்டும். பிள்ளை உடைந்துபோனால் குற்றவாளியும் நீங்கள்தான்.

கூட்டத்தில் ஒரு குற்றவாளியின் பெயர் மட்டும் தவறாமல் வரும். செல்போன். எல்லாம் இந்த செல்போனால் வந்த வினை என்பார்கள். பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள் என்பார்கள். அன்றிரவு அதே செல்போனில் வீட்டுப்பாடம் வரும். விடைத்தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி நினைவூட்டல் வரும். அனுப்பாதவர்கள் பட்டியல், இருநூறு பெற்றோர் இருக்கும் குழுவில், பெயரோடு வரும்.

செல்போன் யோக்கியம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் பிள்ளைகளையே கேட்டிருக்கிறார்களே! என்சிஇஆர்டி நடத்திய கணக்கெடுப்பு 2022இல் வெளியானது. 3,79,842 மாணவர்கள் பதில் சொன்னார்கள். பதற்றத்துக்கு என்ன காரணம்? படிப்பு, தேர்வு, ரிசல்ட் என்றார்கள் 81 சதவீதம் பேர். கேட்டது அரசு நிறுவனம். அச்சடித்ததும் அதுவே. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே செல்போனைத் தேடுகிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இன்னும் வெளிப்படை. 2022இல் இந்தியாவில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதே ஆண்டில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து 11,290 பேர். வயல் காய்ந்து செத்தவர்களைவிட வகுப்பறையில் காய்ந்தவர்கள் அதிகம். மாநில வரிசையில் மகாராஷ்டிரம் முதலிடம். இரண்டாமிடம் தமிழ்நாடு, 1,416 பேர். எதிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஃபிளெக்ஸ் வைக்கிற பள்ளிகள், இந்த இடத்துக்கு வைக்கவில்லை. 2023இல் நாட்டின் எண்ணிக்கை 13,892 ஆனது. முன்னேற்றம்தான்.

தேசம் சும்மா இருக்கவில்லை. தேர்வு பயத்தைப் போக்க 2018 முதல் ஆண்டுதோறும் பிரதமரே மாணவர்களோடு பேசுகிறார். நிகழ்ச்சியின் பெயர் 'பரீக்ஷா பே சர்ச்சா'. 2025இல் அதற்கு 3.53 கோடி பேர் பதிவு செய்தார்கள். கின்னஸ் சாதனை. சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணுக்காக ஓடாதே என்று சொல்ல வந்த நிகழ்ச்சி உலகத்தில் முதல் மார்க் எடுத்துவிட்டது. இதற்கு மேல் அங்கதம் எழுத எனக்கு வேலை இல்லை. ஆனாலும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

சிபிஎஸ்இ தன் பங்குக்கு 2025-26 கல்வியாண்டுக்கென ஒரு 'பேரண்டிங் காலண்டர்' போட்டது. பெற்றோரும் பள்ளியும் கைகோத்துப் பிள்ளைகளின் நலம் காக்க ஆண்டு முழுவதற்குமான திட்டம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நோக்கத்தில் நம் நாடு என்றைக்குமே சென்டம்தான். யூனிட் டெஸ்ட் காலண்டர், மன்த்லி டெஸ்ட் காலண்டர், ரிவிஷன் காலண்டர் எல்லாம் ஏற்கெனவே மாட்டியிருக்கிற சுவரில் இதை எந்த ஆணியில் மாட்டுவது என்பதுதான் சிக்கல்.

இனி அந்தப் புனிதச் சடங்குக்கு வருவோம். பேரண்ட்ஸ் டீச்சர்ஸ் மீட்டிங். வேலை நாளில், காலை பத்து மணிக்கு. கட்டட வேலைக்குப் போகிற அப்பாவுக்கு அன்றைய கூலி போச்சு. ஜவுளிக்கடையில் நிற்கிற அம்மாவுக்கு அரைநாள் சம்பளம் போச்சு. வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவரின் பிள்ளை எதில் ஃபெயில் என்பது பின்னால் நிற்கிற எட்டுப் பேருக்கும் கேட்கும். முறை வந்ததும் மிஸ் மார்க் ஷீட்டைத் திருப்பிக் காட்டுவார். "கான்சன்ட்ரேஷனே இல்லைங்க. வீட்ல என்னதான் பண்றீங்க?" பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். தரையைப் பார்க்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியாது. அவமானம் புரியும். "நல்லா அடிங்க மிஸ், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு" என்று தாத்தா காலத்து வசனத்தைச் சொல்லி, ஒரு சிரிப்பையும் சிரித்துவைப்பார். மூன்று நிமிடம். கையெழுத்து. அடுத்தவர்.

அந்த மூன்று நிமிடத்தை அன்றிரவு அந்த வீடு எப்படிக் கழித்தது என்று எந்தப் பள்ளியும் கேட்டதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பிள்ளையை உடலால் தண்டிக்கவும் கூடாது, மனத்தால் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. பள்ளிகள் சட்டத்தை மதிக்கின்றன. அந்த வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டன.

மிஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. அவர் கழுத்திலும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பலகை தொங்குகிறது.

சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே சட்டத்தின் பிரிவு 21, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். அருமை. யாருக்குப் பொருந்தும்? அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு விலக்கு. இலவசமாகப் படிக்கிற இடத்தில் பெற்றோர் கேள்வி கேட்கலாம். லட்சக்கணக்கில் கொட்டுகிற இடத்தில் கேட்கச் சட்டம் நாற்காலி போடவில்லை. பணம் கொடுத்து வாங்குகிற ஊமைத்தனம் இது ஒன்றுதான்.

சரி, குழு இருக்கிற இடத்தில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் 2022இல் இருபது பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. 2024இல் மறுகட்டமைப்பு செய்து இருபத்து நான்காக்கினார்கள். ஊரில் நாலு பேர் கூடிப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே பெரிய காரியம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். கழிவறைக்குக் கதவு கேட்கிறார்கள். அதுவும் மனநலக் கோரிக்கைதான். காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளையிடம் போய் மகிழ்ச்சியாக இரு என்று சொல்லிப் பாருங்கள். என் கோபம் அங்கே இல்லை. கூட்டம் நடந்ததா என்பதைவிட, நடந்ததாகச் செயலியில் ஏறியதா என்பது பெரிதாகிவிட்டதே, அங்கே இருக்கிறது. தலைமையாசிரியர் ஒரு கையில் தீர்மான நோட்டு, மறு கையில் போன். சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கும் மாடிப்படிக்கும் நடக்கிறார். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்றியாக வேண்டும். ஒரு பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடாமல் டிபன் பாக்ஸை அப்படியே மூடி எடுத்துப் போகிறது என்று சொல்ல வந்த அம்மா, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போகிறார். சாப்பிடாத பிள்ளையை ஏற்றுவதற்கு எமிஸில் கட்டம் இல்லை.

ஆலோசகர் இருக்கிறாரே என்பீர்கள். சென்ற பத்தாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு நடமாடும் ஆலோசனை மையங்கள் வந்தன. பத்து வேன்கள். அன்றைக்கு மாவட்டங்கள் 32. ஒரு வேனுக்கு மூன்று மாவட்டம். உங்கள் பிள்ளை மனம் உடைய விரும்பினால், வேன் வருகிற நாளாகப் பார்த்து உடைந்திருக்க வேண்டும்.

இப்போது தொலைபேசியும் வந்துவிட்டது. 14417 தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண். 14416 மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். கடைசி இலக்கம்தான் வித்தியாசம். இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உதவும். இரவு இரண்டு மணிக்கு எடுத்துப் பேசுகிற ஒரு குரல் சின்ன விஷயமல்ல. அதை எடுத்துப் பேச விடுதிப் பிள்ளையிடம் போன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். விடுதியில் போன் வைத்திருப்பது ஒழுங்கீனம். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். வார்டன் பக்கத்தில் நிற்க, நாலு நிமிடம் பேசலாம். "நல்லா இருக்கியாப்பா?" "நல்லா இருக்கேன்மா." வார்டன் தலையாட்டுவார்.

இந்த நாட்டில் ஒரு பெற்றோரின் பங்கேற்பு மெய்யாகவே பலன் தந்த கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது நகைச்சுவை வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குத் தங்கிப் படித்த 17 வயதுப் பெண் 2023 ஜூலையில் இறந்துபோனாள். அவள் அப்பா விசாரணை கேட்டுப் படிப்படியாக ஏறினார். அவர் வழக்கில்தான் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிலையத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிவு பிரிக்கக் கூடாது. பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். பெற்றோருக்குத் தொடர்ந்து விழிப்புணர்வு தர வேண்டும். ஒரு தகப்பன் மகளைக் கொடுத்து வாங்கிய பதினைந்து வரிகள்.

நம் நிர்வாகங்கள் அசகாய சூரர்கள். ஆலோசகரா? நியமித்தாயிற்று. கணக்கு சார்தான். அவருக்குத்தான் வியாழக்கிழமை ஐந்தாவது பீரியட் ஓய்வு. கணக்கு என்றாலே குலைநடுங்குகிற பிள்ளை, அந்தப் பயத்தைச் சொல்லி அழக் கணக்கு சாரிடமே போக வேண்டும். பிள்ளை தைரியமாகப் போய்ச் சொன்னால், மாலைக்குள் விஷயம் தாளாளர் அறைக்குப் போகும். அங்கிருந்து அப்பாவின் போனுக்குப் போகும். அப்பாவின் கைக்கும் போகும். ரேங்க் பார்த்துப் பிரிவு பிரிக்கக் கூடாதா? பிரிக்கவில்லையே! 'ஏ, பி, சி' எடுத்துவிட்டு 'ரோஜா, மல்லி, தாமரை' என்று வைத்திருக்கிறோமே. தாமரையில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாதா, தான் சேற்றில் இருப்பது?

பெற்றோரை எப்படித்தான் சேர்ப்பது என்று யோக்கியமாகக் கேட்கிற தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள். நல்லவர்கள் எல்லாத் துறையிலும் மிச்சமிருப்பார்கள். அவர்களுக்குச் செலவில்லாமல் செய்ய நிறைய இருக்கிறது. கூலி போகாத நேரத்தில் கூப்பிடுங்கள், ஞாயிறோ, மாலை ஆறு மணிக்கு மேலோ. வரிசையில் நிறுத்தாதீர்கள். கதவைச் சாத்துங்கள், நாற்காலி போடுங்கள். மார்க் ஷீட்டை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "வீட்ல எப்படி இருக்கான்? எத்தனை மணிக்குத் தூங்குறான்?" என்று முதலில் கேளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் கேட்காத நிபுணர். பிள்ளை ஆலோசகரிடம் சொல்வதில் எது அறைக்குள்ளேயே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்குச் சொல்லப்படும் என்பதைப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கலகலவென்றிருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கி உட்கார்ந்தால், அதை முதலில் பார்ப்பவர் வேன் டிரைவரும் ஆயாவும்தான். அவர்களைக் கேளுங்கள். மார்க் குறைந்தால் அன்றே மெசேஜ் போகிறதே, பிள்ளை சிரிப்பதை நிறுத்தினால் ஏன் போகக் கூடாது? முக்கியமாக, கால அட்டவணை போடும்போது இரண்டு பெற்றோரை உட்காரவையுங்கள். விடியற்காலை ஐந்து மணி ஸ்டடியிலிருந்து இரவு பத்து மணி ஸ்டடிவரை நீங்கள் போட்ட கட்டங்களை அவர்கள் பார்க்கட்டும். பிள்ளை எதில் மூச்சு விடுகிறது என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு வேண்டாம். பொன்னாடை வேண்டாம். அதனால்தான் நடப்பதில்லை.

அடுத்து, ஆசனத்தில் அமைதியாக உட்கார்ந்து இவ்வளவு நேரம் பள்ளியைத் திட்டுவதை ரசித்த நம் பக்கம். 2017 மே மாதம் தமிழ்நாடு அரசு மாநில முதலிடப் பட்டியலை ஒழித்தது. ரேங்க் கிடையாது, முதல் மூன்று இடம் கிடையாது. நல்ல முடிவு. ஒவ்வோர் ஆண்டும் ரிசல்ட் வருகிற அன்று சாயங்காலமே உறவினர் குழுக்களில் அந்தப் பட்டியலை நாமே தயாரித்துவிடுகிறோம். "சித்தி பொண்ணு 571. உங்க பையன் எவ்வளவு மாமா?" அரசு ஒழித்ததை அத்தைகள் காப்பாற்றுகிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்று பிள்ளை வாய்விட்டுக் கேட்டால், "பைத்தியமா உனக்கு? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்கிறோம். அந்த நாலு பேர் யார் என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. பிள்ளையின் மூச்சைவிட அவர்களின் வாய் நமக்கு முக்கியம்.

பள்ளிக்கும் இது தெரியும். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் விற்கிறார்கள். சென்டம் கேட்டோம், கொடுத்தார்கள். கண்டிப்பு கேட்டோம், கிலோக் கணக்கில் நிறுத்தார்கள். 'இங்கே ஸ்ட்ரிக்ட்டு' என்று யாராவது சொன்னால் விடியற்காலையே விண்ணப்பப் படிவத்துக்கு வரிசையில் நின்றோம்.

வருகிற மே மாதம் அந்த வரிசையில் நிற்கும்போது, கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ரிசல்ட் எவ்வளவு, ஏசி உண்டா, நீட் கோச்சிங் சேர்த்தா தனியா என்பதெல்லாம் முடிந்த பிறகு கேளுங்கள். "விடுதியில பசங்க தூங்க எத்தனை மணி நேரம் குடுப்பீங்க?"

கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரிலிருந்து தலை தூக்குவார். முதன்முறையாக உங்களை ஒரு மனிதராகப் பார்ப்பார். இரண்டு பக்கம் பிராஸ்பெக்டஸைப் புரட்டுவார்.

"அந்த ஃபெசிலிட்டி இல்லைங்களே சார்."

அப்போதும் நாம் முதல் தவணையைக் கட்டிவிட்டு, ரசீதில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவோம்.